‘ஆகட்டுங்க’: பண்பாடு என்னும் கங்காணி பற்றிச் சில குறிப்புகள்

1

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வருகிற சில்லறை வேலைகளில் மொழிபெயர்ப்பும் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் மூலமாக அப்படியொரு வேலை வந்தது. ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் வட்டாரத்தில் இருக்கிற ஒரு தொழிற்சாலைக்காகத் தயாரிக்கப்பட்ட பயிற்சிக் கையேடு. முதலாளிகள் கிழக்காசியாக்காரர்கள். வேலை பார்க்கிறவர்கள் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள். இரு தரப்பும் ஒருவரையொருவர் ‘புரிந்துகொள்வதற்காக’ ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம் எழுதியிருந்தார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி வாங்கிக்கொண்டேன். அந்த மாத வாடகைக்கு அது தேவைப்பட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. இந்தக் கட்டுரையில் நான் விமர்சிக்கப்போகிற சொல்லாடலைத் தமிழுக்குக் கொண்டுவந்ததில் எனக்கும் கூலி கிடைத்திருக்கிறது.

கையேட்டின் நடுவில் ஓர் அட்டவணை. இடது பக்கம் ‘உள்ளூர்ப் பண்பாடு’, வலது பக்கம் ‘நமது நிறுவனப் பண்பாடு’. உள்ளூர்க்காரன் நேரத்தை நெகிழ்வாகப் பார்க்கிறான்; நிறுவனம் நிமிடத்தை மதிக்கிறது. உள்ளூர்க்காரன் காதுகுத்து, கருமாதி, ஆடித் திருவிழா என்று லீவு போடுகிறான். நிறுவனம் வேலையையே குடும்பமாகப் பார்க்கிறது. உள்ளூர்க்காரன் முடியாது என்பதை முடியாது என்று சொல்லாமல் ‘எஸ் சார்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். நிறுவனம் வெளிப்படையான பேச்சை விரும்புகிறது. இப்படியே ஒன்பது பத்து வரிகள்.

‘கல்ச்சர்’ என்கிற சொல்லுக்குப் ‘பண்பாடு’ போடுவதா ‘கலாச்சாரம்’ போடுவதா என்பதுதான் எனக்கு வந்த முதல் சிக்கல். பண்பாடு என்கிற சொல்லை டி.கே. சிதம்பரநாத முதலியார் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பது தமிழ் படிக்கிறவர்களுக்கு வகுப்பில் சொல்லித்தருகிற செய்தி. ஒரு ரசிகரின் கையிலிருந்து வந்த சொல், ‘பண்பட்ட’ மனத்தைக் குறிக்க வந்த சொல், இப்போது எச்.ஆர். துறையின் அட்டவணைக்குள் போய் உட்கார வேண்டியிருந்தது. போட்டேன். ஆனால் ‘எஸ் சார்’ வரியில் வந்து நின்றுவிட்டேன்.

என் தாத்தா திருத்துறைப்பூண்டிப் பக்கம் பண்ணையாளாக இருந்தவர். அவர் வாயில் கடைசிவரை இருந்த ஒரு சொல் ‘ஆகட்டுங்க’. மிராசுதார் வீட்டு ஆள் எதைச் சொன்னாலும் ‘ஆகட்டுங்க’. செய்கிறேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. நடக்க வேண்டியது நடக்கட்டும் என்கிற ஒரு வார்த்தை. ரேஷன் கடைக்காரர், மருத்துவமனை ஊழியர், பிற்பாடு பேரப்பிள்ளைகளான நாங்கள் என எல்லாருக்கும் அதே பதில்தான். வீட்டில் அதைக் கேலி செய்திருக்கிறோம். கையேட்டின் அட்டவணை அதே சொல்லைத்தான் இடது பக்கத்தில் போட்டு, ‘பண்பாடு’ என்று பெயர் வைத்திருந்தது. அப்படியானால் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று தேடிப் பார்க்க வேண்டும்போல் தோன்றியது. அந்தத் தேடலின் சில குறிப்புகள்தான் இவை.

2

இந்த அட்டவணை வானத்திலிருந்து குதிக்கவில்லை. இதற்கு ஒரு வம்சாவளி இருக்கிறது. கீர்ட் ஹோஃப்ஸ்டெட் என்கிற டச்சு அறிஞர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாளர் ஆய்வுப் பிரிவில் இருந்தவர். 1967க்கும் 1973க்கும் இடையில் அந்நிறுவனம் பல நாடுகளில் இருந்த தன் ஊழியர்களிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களை நிரப்பி வாங்கியது. தொழிலாளர் மனநிலையைத் தெரிந்துகொள்ள நிர்வாகம் எடுத்த கணக்கு அது. அதைத்தான் ஹோஃப்ஸ்டெட் தேசப் பண்பாடுகளின் கணக்காக மாற்றி 1980இல் புத்தகமாக்கினார். ஒவ்வொரு தேசத்துக்கும் மதிப்பெண். ‘அதிகார இடைவெளி’ என்று ஓர் அளவுகோல். கீழே இருப்பவர் மேலே இருப்பவரின் அதிகாரத்தை எந்த அளவுக்கு இயல்பானதாக ஏற்கிறார் என்பது அதன் பொருள். இந்தியாவுக்கு 77. தென்கொரியாவுக்கு 60. ஜப்பானுக்கு 54. ஆஸ்திரியாவுக்கு 11. இன்றைக்கு உலகமெங்கும் நிர்வாகவியல் வகுப்புகளில் சொல்லித்தருகிற பண்பாட்டு வேறுபாட்டுப் பாடத்தில் பெரும்பகுதி இந்தப் புத்தகத்தின் பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 77 யாருடைய எண்? அறுபதுகளில் இந்தியாவில் ஒரு அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களுடைய எண். அந்தக் காலத்தில் அப்படியொரு ஆபீசுக்குள் யார் போயிருக்க முடியும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்லூரி, ஆங்கிலம், நகரம் என்று மூன்று வாசல்களைத் தாண்டியவர்கள். அவர்கள் டிக் அடித்த பதில்களின் சராசரிதான் என் தாத்தாவின் ‘ஆகட்டுங்க’வுக்கும், இன்று ஒரகடத்தில் லைனில் நிற்கிற பெண்ணின் மௌனத்துக்கும் விளக்கமாகிறது. இன்னொரு வேடிக்கை, அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தோடு ஏற்பட்ட பிணக்கில் 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டே போய்விட்டது. கடையை மூடிவிட்டுப் போனாலும் அவர்கள் போட்ட மார்க் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

ஹோஃப்ஸ்டெட்டைக் காலனியவாதி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட நான் தயாரில்லை. அமெரிக்க நிர்வாக முறையே உலகப் பொதுவான அறிவு என்கிற திமிருக்கு எதிராகத்தான் அவர் எழுதினார். அமெரிக்காவும் ஒரு குறிப்பிட்ட பண்பாடுதான் என்று சொன்னது அன்றைக்கு ஒரு நல்ல காரியம். ஆனால் ‘அதிகார இடைவெளி’ என்று பெயர் வைத்து அதைத் தேசத்தின் குணமாக்கியவுடன், அந்த இடைவெளியை உண்டாக்கியவன் யார், அதைக் காப்பாற்றுகிறவன் யார் என்கிற கேள்வி காணாமல் போய்விடுகிறது. கீழே இருப்பவன் ஏற்றுக்கொண்டான் என்பது மட்டும் பதிவாகிறது. ஏற்கவில்லையென்றால் என்ன நடந்தது என்பது வினாத்தாளில் இல்லை.

3

கிழக்குத் தஞ்சையில் ஏற்கவில்லையென்றால் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். சாணிப்பாலும் சவுக்கடியும் அங்கே பண்ணையாட்களுக்கு நடைமுறையில் இருந்த தண்டனைகள். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் விவசாயச் சங்கம் கட்டிய பிறகுதான் அவற்றுக்கு முடிவு வரத் தொடங்கியது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டதும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததும் அதன் பின்னணி. இந்த மண்ணில் ‘முடியாது’ என்கிற சொல்லுக்கு விலை இருந்திருக்கிறது. அந்த விலையைக் கொடுக்க வசதியில்லாதவர்கள் கண்டுபிடித்த சொல் ‘ஆகட்டுங்க’. அதைப் பணிவு என்று படிப்பது மிராசுதாரின் வாசிப்பு. தாத்தாவின் வாசிப்பு வேறாக இருந்திருக்க வேண்டும். ‘ஆகட்டுங்க’ என்று சொல்லிவிட்டு வந்து எத்தனை வேலைகளை அவர் ஆகாமல் விட்டார் என்று பாட்டி சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பண்பாட்டை நிர்வாகக் கருவியாக்கியது ஐ.பி.எம். காலத்துக் கண்டுபிடிப்பும் அல்ல. உலகமயம் என்று இன்று நாம் சொல்வதற்கு நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு பதிப்பு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டபோது, வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழும் தெரியாது, தமிழ்ச் சாதியும் தெரியாது. அவருக்கு வாய்த்தவர்தான் கங்காணி. சொந்த ஊரிலிருந்து, பெரும்பாலும் சொந்தக்காரர்களையும் தெரிந்த சாதியாரையும் கடன் கொடுத்துக் கூட்டிவருவார். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்குக் கொடுப்பார். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குக் காசு உண்டு. தொழிலாளியின் கடன் ‘துண்டு’ என்கிற சீட்டில் எழுதப்பட்டு, அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆள் கைமாறுவான். துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. துரைமார்களின் தரப்பு இதற்குச் சொன்ன நியாயம் என்ன? தமிழ்க் கூலிகளுக்குத் தகப்பன் மாதிரி ஒரு ஆள் வேண்டும், அவர்களுடைய பழக்கவழக்கம் அப்படி என்பதுதான். அதாவது ‘உள்ளூர்ப் பண்பாடு’. சாதியும் சொந்தமும் ஊர்க்கட்டும் துரையின் கணக்குப் புத்தகத்தில் உற்பத்திச் சாதனங்களாக மாறிப்போயின.

சையத் ஹுசைன் அலட்டாஸ் 1977இல் எழுதிய நூல், மலாய், பிலிப்பைன், ஜாவா மக்களைச் ‘சோம்பேறிகள்’ என்று ஐரோப்பியர் எழுதிவந்ததன் வரலாற்றை ஆராய்கிறது. தோட்டக்காரனுக்கு வேலை செய்ய வராமல் தன் வயலில் வேலை பார்த்தவன்தான் அந்தச் சோம்பேறி. உழைக்காததாலல்ல, இவர்களுக்கு உழைக்க மறுத்ததால்தான் அந்தப் பெயர் கிடைத்தது. இங்கிலாந்துக்காரனும் பிறவியிலேயே கடிகாரத்தோடு பிறந்தவனல்ல. ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், திங்கட்கிழமையை லீவாக்கிக்கொண்ட ஆங்கிலக் கைவினைஞர்கள் எப்படி மணியடித்தும், அபராதம் போட்டும், பிரசங்கம் செய்தும், பள்ளிக்கூடம் வைத்தும் நேரத்துக்குப் பழக்கப்பட்டார்கள் என்பதைக் காட்டுகிறார். நேரம் தவறாமை என்பதை ஆங்கிலப் பண்பாடு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், அது ஆங்கிலத் தொழிலாளியின் முதுகில் எழுதப்பட்டது என்பதைச் சொல்லவில்லை.

சென்னையில் அதே பாடம் மில் சங்காக வந்தது. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்களின் ஆரம்பக் குறைகளில் முக்கியமானவை மதியச் சாப்பாட்டுக்கு நேரம் போதவில்லை என்பதும், வெள்ளை அதிகாரிகள் கை நீட்டுகிறார்கள் என்பதும். 1918 ஏப்ரல் 27இல் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. நமது தொழிற்சங்க வரலாறுகள் இந்த இடத்தில் பெருமிதம் கொள்ளும். கொள்ளட்டும். ஆனால் 1921 வேலைநிறுத்தத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சாதி இந்துத் தொழிலாளர்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்க, ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்புக் கலவரமும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. எம்.சி. ராஜா ஆதிதிராவிடர் பக்கம் நின்றார். நீதிக்கட்சித் தலைவர்கள் சாதி இந்துத் தொழிலாளர் பக்கம் பேசினார்கள். சங்கம் நொறுங்கியது. நிர்வாகம் பிரித்தாண்டது என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவது நம்முடைய வழக்கம். நிர்வாகம் பிரிக்கவில்லை ஐயா, ஏற்கெனவே பிரிந்திருந்ததைப் பயன்படுத்திக்கொண்டது. சேரிக்கு வெளியே கட்டிய சங்கம் சேரிக்காரனைத் தோழன் என்று எப்போது கருதியது என்கிற கேள்விக்கு நூறாண்டு கழித்தும் நாம் பதில் சொல்லிவிடவில்லை. ஆக, தொழிலிடத்தில் பண்பாட்டு வேறுபாடே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இருக்கிறது. நமது மண்ணில் அதன் முதல் பெயர் சாதி. அந்த ஒன்பது பத்து வரி அட்டவணையில் சாதி என்கிற சொல் ஒரு தடவைகூட வரவில்லை என்பதுதான் என் புகார்.

4

இனி அட்டவணையின் வலது பக்கத்துக்கு வருவோம். ஜப்பானியன் கம்பெனியைக் குடும்பமாக நினைக்கிறான், கொரியன் ராணுவக் கட்டுப்பாட்டோடு உழைக்கிறான், கன்ஃபூசியஸ் சொல்லிவைத்துவிட்டுப் போனார் என்கிறார்கள். நம் ஊர்ப் பத்திரிகைகளிலும் இது அடிக்கடி வரும். ஜப்பானில் வேலைநிறுத்தம் என்றால் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு இரண்டு மடங்கு வேலை செய்வார்களாமே என்று நம் அப்பாக்கள் பேசிக் கேட்டிருக்கிறோம்.

கொரியப் பொருளியல் அறிஞர் ஹா-ஜூன் சாங் 2007இல் வெளியிட்ட நூலில் ஓர் அத்தியாயம் இதைப் பற்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானைப் பார்த்த மேலைநாட்டார் ஜப்பானியரைச் சோம்பேறிகள் என்று எழுதினார்கள். அதற்கும் முன்னால் ஜெர்மானியரை மந்தமானவர்கள், நம்ப முடியாதவர்கள் என்று ஆங்கிலேயர் எழுதினார்கள். அந்தந்த நாடு தொழில்மயமான பிறகு அதே பண்பாடு உழைப்புக்குக் காரணமாகிவிட்டது. கன்ஃபூசியஸ் அங்கே இரண்டாயிரம் வருஷமாக இருக்கிறார். அவர் திடீரென்று எப்படி ஓவர்டைம் பார்க்க ஆரம்பித்தார்?

ஜப்பானின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போருக்குப் பிந்தைய ஜப்பான் சங்கங்களும் வேலைநிறுத்தங்களும் கொதித்துக்கொண்டிருந்த நாடு. 1950இல் டொயோட்டாவில் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரும் போராட்டம். 1953இல் நிசானில் மாதக்கணக்கில் நீடித்த மோதல். கதவடைப்புச் செய்து, நிர்வாகத்துக்கு இணக்கமான இரண்டாவது சங்கத்தை வளர்த்து, போராடிய சங்கத்தை முறித்தார்கள். 1959-60இல் மீக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் வேலைநீக்கத்தை எதிர்த்து நடந்த நீண்ட போராட்டமும் தோற்றது. வாழ்நாள் வேலை, கம்பெனிச் சங்கம், கம்பெனிப் பாட்டு என்று நாம் வியக்கிற ‘ஜப்பானியப் பண்பாடு’ இந்தத் தோல்விகளின் மேல் எழுந்த சமரசம். தொழிலாளிக்கு அதில் வேலை உத்தரவாதம் கிடைத்தது உண்மைதான். ஆனால் அதிக வேலையால் நேர்கிற சாவுக்குக் ‘கரோஷி’ என்று தனியாக ஒரு சொல்லையே உண்டாக்க வேண்டிய நிலையும் அங்கேதான் வந்தது. அதைத் தடுப்பதற்கென்று 2014இல் ஒரு சட்டமும் வந்தது. பண்பாடுதான் காரணமென்றால் அந்தச் சட்டத்தைக் கேட்டுத் தெருவுக்கு வந்த விதவைகளும் பெற்றோர்களும் எந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவர்கள்?

கொரியாவின் கதை இன்னும் கூர்மையானது. 1970 நவம்பர் 13 அன்று சியோலின் துணிச்சந்தையில் 22 வயதுத் தையல் தொழிலாளி ஜியோன் டே-இல் தன்மீது தீ வைத்துக்கொண்டார். அவர் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. நாட்டில் ஏற்கெனவே இருந்த தொழிலாளர் சட்டத்தைக் கடைப்பிடிக்கச் சொன்னார். நாங்கள் எந்திரங்கள் அல்ல என்றார். அது ராணுவ ஆட்சியாளர் பார்க் சுங்-ஹீயின் காலம். 1987 கோடையில் சர்வாதிகாரம் ஆட்டங்கண்டபோது, ஜூலை தொடங்கிச் செப்டம்பர் வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்பூசல்கள் வெடித்தன. அதன் மையங்களில் ஒன்று உல்சானின் ஹூண்டாய் தொழிற்சாலைகள். அங்கே தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. தலைமுடியைத் தங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளும் உரிமை. வாசலில் காவலர்கள் முடியின் நீளத்தைப் பார்த்து வெட்டுகிற வழக்கம் இருந்திருக்கிறது. ‘கொரியன் ராணுவக் கட்டுப்பாட்டோடு உழைப்பான்’ என்று கையேடு சொல்கிற பண்பாட்டின்மீது கொரியத் தொழிலாளி சொன்ன கருத்து இதுதான். மயிர்தானே என்று நினைக்கலாம். தோளில் துண்டு போடுவதற்கும் காலில் செருப்பு போடுவதற்கும் இந்த ஊரில் என்னென்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

5

1983 டிசம்பரில் குர்கானில் மாருதி - சுசூகி கார் வெளிவந்தபோது கூடவே ஒரு புதுமையும் வந்தது. மேலாளரும் தொழிலாளியும் ஒரே சீருடை, ஒரே கேண்டீன், காலையில் ஒன்றாக உடற்பயிற்சி. அதிகாரிகள் முகம் சுளித்ததாகவும், ஜப்பானியர் பிடிவாதமாக நடைமுறைப்படுத்தியதாகவும் அந்த நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெருமையோடு சொல்வார்கள். பொய்யில்லை. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு இந்த நாட்டில் அர்த்தம் உண்டு. சமபந்தி விருந்துக்கே நாம் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வருகிற ஒன்று உள்ளேயிருக்கிற படிநிலையைக் கொஞ்சம் அசைத்துவிடும் என்பதை மறுக்கவேண்டியதில்லை. வெள்ளைக்காரன் மில்லில் ஆதிதிராவிடருக்கு வேலை கிடைத்ததும் இப்படித்தான்.

ஆனால் அதே நிறுவனத்தின் மானேசர் ஆலையில் 2011இல் தொழிலாளர்கள் கேட்டது தங்களுக்கென்று ஒரு தனிச் சங்கம். ஏழு நிமிடத் தேநீர் இடைவேளையில் கழிப்பறைக்கும் போய்விட்டு வர வேண்டும் என்பது அன்று வெளியே பேசப்பட்ட குறைகளில் ஒன்று. 2012 ஜூலை 18இல் நடந்த வன்முறையில், தீயில் ஒரு மனிதவளத்துறை மேலாளர் உயிரிழந்தார். அந்த மரணத்தை நியாயப்படுத்த எந்தக் கோட்பாடும் உதவாது, உதவவும் கூடாது. அன்றைய தகராறு ஒரு சூப்பர்வைசர் தலித் தொழிலாளி ஒருவரைச் சாதி சொல்லித் திட்டியதில் தொடங்கியது என்று சங்கம் சொன்னது. நிர்வாகம் அதை மறுத்தது. 148 பேர் விசாரிக்கப்பட்ட வழக்கில் 2017 மார்ச்சில் 117 பேர் விடுதலையானார்கள். 31 பேருக்குத் தண்டனை, அவர்களில் 13 பேருக்கு ஆயுள். விடுதலையானவர்கள் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தது கணக்கில் வராது. ஒரே தட்டு, ஒரே சீருடை எல்லாம் வந்த இடத்தில் ஒரே சொல் மட்டும் வரவில்லை. யார் யாரைக் கேள்வி கேட்கலாம் என்பதில் பந்தி பழைய பந்தியாகவே இருந்தது.

6

ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்புகிறேன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் முதல் கார் வந்தது. நோக்கியா 2006இல் வந்து 2014இல் மூடிவிட்டுப் போனது. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனைக்குப் போனபோது, நூற்றுக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவில் உட்கார்ந்தார்கள். ‘உள்ளூர்ப் பெண்கள் அடக்கமானவர்கள், கை நுணுக்கம் உள்ளவர்கள், வெளியே பேசமாட்டார்கள்’ என்பது இந்தத் துறையின் எழுதாத அட்டவணை. அந்தப் பெண்கள் அன்றிரவு என்ன பண்பாட்டில் இருந்தார்கள் என்று யாரும் அளக்கவில்லை.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. அதே நிறுவனத்தின் ஐபோன் தொழிற்சாலையில் மணமான பெண்கள் வேலைக்கு எடுக்கப்படுவதிலிருந்து தவிர்க்கப்படுகிறார்கள், குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அணிந்திருக்கும் நகை ஆகியவற்றோடு ‘பண்பாட்டுக் காரணங்களும்’ சொல்லப்படுகின்றன என்றது செய்தி. நிறுவனம் பாகுபாட்டுக் குற்றச்சாட்டை வன்மையாக மறுத்தது. தேசிய மனித உரிமை ஆணையம் விளக்கம் கேட்டது. யார் சொல்வது சரி என்பதை விட்டுவிட்டு, அந்தக் காரணத்தை மட்டும் பாருங்கள். தாலியும் மெட்டியும் நமது பண்பாடு என்று நாமே மேடைதோறும் முழங்கிவிட்டு வந்திருக்கிறோம். அதே தாலியும் மெட்டியும் வாசலில் பெண்ணைத் திருப்பி அனுப்ப ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளப்படும்போது, ‘அது எங்கள் பண்பாடாச்சே’ என்று எந்த வாயால் சொல்வது? பெரியார் அதை அடிமைச் சின்னம் என்று சொன்னபோது திட்டியவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அதே ஆண்டு செப்டம்பர் 9இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். ஏறத்தாழ 1,800 பேர் வேலை பார்க்கிற ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக, அக்டோபர் நடுப்பகுதி வரை, போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கூலி உயர்வும் கேட்டார்கள். ஆனால் முதன்மையானது சங்கத்தை அங்கீகரிக்கச் சொன்னது. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்கிற சொல் வரக்கூடாது, அது எங்கள் வணிகச் சின்னம் என்றது நிர்வாகம். பத்துப் பதினைந்து வருஷம் ஒரு சொல்லை ஐ.டி. கார்டில் போட்டு நெஞ்சில் தொங்கவிட்டவனுக்கு அந்தச் சொல் சொந்தமில்லை. நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது.

அப்போது நிறையப் பேர் எழுதினார்கள்: கொரியர்களின் வேலைப் பண்பாடு வேறு, நம்மவர்களின் பண்பாடு வேறு, இரண்டும் மோதிக்கொள்கின்றன என்று. என் அட்டவணை மறுபடியும் கண்முன்னால் வந்தது. ஆனால் நடந்தது என்ன? அந்த நிறுவனம் தென்கொரியாவில் பல பத்தாண்டுகளாகச் சங்கமே இல்லாமல் நடத்துவதைக் கொள்கையாக வைத்திருந்தது. சங்கத்தை முறித்த குற்றத்துக்காக அதன் உயர் அதிகாரிகளை அந்நாட்டு நீதிமன்றம் 2019 டிசம்பரில் தண்டித்தது. 2020 மேயில் அதன் துணைத் தலைவர் பொதுவில் மன்னிப்புக் கேட்டு, அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தார். 2024 ஜூலையில் கொரியாவிலேயே அந்நிறுவனத்தின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு மாதம் கழித்துச் சுங்குவார்சத்திரம். அட்டவணையின் இடது பக்கத்துக்காரனும் வலது பக்கத்துக்காரனும் ஒரே வருஷத்தில் ஒரே முதலாளியின் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவரையும் பிரித்துவைத்திருந்தது நடுவில் போட்ட கோடு மட்டும்தான். அந்தக் கோட்டைப் போடுகிற வேலைக்குப் பழைய காலத்தில் கங்காணி என்று பெயர்.

7

நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று சொன்னேன். 2023 ஏப்ரல் 21இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்கிற திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு வந்து, மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடியது 1923 மே 1. சரியாக நூறாண்டு. எட்டு மணி நேரத்தை நூறாவது ஆண்டு விழாவில் மறுபடியும் காப்பாற்ற வேண்டியிருந்தது. முதலீடு வேண்டுமென்றால் நமது வேலைப் பண்பாடு மாற வேண்டும் என்று அன்று வாதாடியவர்களில் தமிழின் பெருமை பேசுகிறவர்களும் இருந்தார்கள். ‘தமிழன் கடின உழைப்பாளி’ என்று நாம் பெருமையாகச் சொல்கிற வாசகமும் ஒருவகையில் முதலாளிக்கு நாம் எழுதிக்கொடுக்கிற நற்சான்றிதழ்தான். இலங்கைத் தோட்டத்துத் துரையும் அதையேதான் சொன்னார்.

வேறுபாடுகளை நான் மறுக்கவில்லை என்பதைத் திரும்பவும் சொல்லிக்கொள்கிறேன். கண்ணைப் பார்த்துப் பேசுவது, உரக்கப் பேசுவது, சாவு வீட்டுக்குப் போவது, பெயர் சொல்லி அழைப்பது எல்லாவற்றிலும் மனிதர்கள் வேறுபடுகிறார்கள். ஆனால் ஒரு வழக்கத்தைப் பார்த்தவுடன் ‘இது இவர்கள் பண்பாடு’ என்று முற்றுப்புள்ளி வைப்பதற்குப் பதிலாக, இது எந்தத் தோல்வியில் படிந்தது, எந்த வெற்றியில் மாறியது என்று கேட்கலாம். சங்கம் கட்டுகிற தோழர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1921ஐ மறந்துவிட்டுக் கட்டுகிற ஒற்றுமை, முதல் சாதிச் சொல்லில் உடையும்.

கையேட்டை முடித்துக்கொடுத்தேன். ‘எஸ் சார்’ வரியை எப்படி மொழிபெயர்த்தேன் என்று கேட்பீர்கள். இடது பக்கத்தில், ‘மறுத்துப் பேசினால் வேலை போய்விடும் என்று தொழிலாளர்கள் அஞ்சுவதால் உடன்படுவதுபோல் பதில் சொல்கிறார்கள்’ என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் நண்பர் போன் செய்தார். “மூலத்துல இல்லாதத ஏன் சேத்தீங்க? க்ளையன்ட் கேக்கறாங்க. மாத்திக் குடுத்துடுங்க” என்றார்.

ஆகட்டுங்க என்றேன்.

மாற்றித்தான் கொடுத்தேன். தாத்தாவின் அளவுக்குக்கூட எனக்குத் திறமை போதவில்லை. கூலி மறுநாளே வந்துவிட்டது.